கதிர் வரும்வரை ஒரு கயிறு

போன மாதம் எங்கள் அன்பியக் கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். தெருவில் உள்ள பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பதைத்தான் அன்பியம் என்கிறோம். செபம் முடிந்து காபி குடிக்கும்போது, ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர்களை நம்மோடு சேர்க்கலாமா, வேண்டாமா என்பதுதான் பேச்சு. அவர்கள் யார், என்ன குறை சொன்னார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள்.

நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவள் அல்ல. செபமாலையில் என் முறை வந்தால்கூடக் குரல் கம்மிவிடும். அன்று எப்படியோ, "இப்ப எதுக்குப் புடுங்கணும்? கயிறு கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன கயிறு மேரி? எங்க கட்டணும்?" என்று ஒருத்தி கேட்டாள். விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை கூப்பிட்டார். "கயிறுன்னு என்னமோ சொன்னீங்களாமே. பேச வரலைன்னா எழுதிக் குடுங்கம்மா, பங்கு இதழ்ல போட்டுடலாம்" என்றார். நான் பத்தாவது வரை படித்தவள். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

திருமானூருக்கும் கொள்ளிடக் கரைக்கும் நடுவில் இருக்கும் ஒரு விதைப்பண்ணையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே விளையும் நெல் சோற்றுக்குப் போகாது. விவசாயிகள் அடுத்த பட்டத்துக்கு விதைப்பதற்காக மூட்டையில் சீல் வைத்துப் போகும். சோற்றுக்கு விளைகிற வயலில் நாலு தூர் வேறு நெல் கலந்திருந்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். விதைக்கு விளைகிற வயலில் அது ஆகாது. ஒரு தூர் வேறு ரகம் நின்றால் அதிலிருந்து உதிரும் நெல் எத்தனையோ ஊர் வயல்களுக்குப் போய்விடும். அப்படிக் கலந்து நிற்கும் பயிரைக் கலவன் என்போம். கலவனைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதுதான் என் வேலை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் கற்றுக்கொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை. கலவன் பார்ப்பதற்குக் கண் பழகத்தான் சில வருடங்கள் ஆயின.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. காலை வெயில் முதுகில் படும்படி நின்றுகொண்டுதான் வயலைப் பார்க்க வேண்டும். முகத்தில் வெயில் அடித்தால் எல்லாப் பயிரும் ஒரே நிறமாகத் தெரியும். வெயிலை முதுகுக்கு விட்டால், உயரம் கூடினது, இலை கறுத்தது, தாள் சாய்ந்தது எல்லாம் தனித்தனியாகத் தெரிந்துவிடும். பெண்கள் வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு பட்டையாக நடந்து போவோம். கலவன் தென்பட்டால் வேரோடு பிடுங்க வேண்டும். அறுத்துவிட்டால் அடித்தாளில் மறுபடியும் துளிர்க்கும். பிடுங்கியதை வயலுக்குள்ளேயே போடக்கூடாது. இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்து வரப்பில் போட வேண்டும்.

வரப்பில் எங்கள் மேலாளர் ராமலிங்கம் சார் நிற்பார். ஆனால் வரப்போடு நின்றுவிடுகிற ஆள் இல்லை அவர். செருப்பைக் கழற்றி, ரோட்டைப் பார்த்தபடி இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, பேண்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கிறவரை யாரும் பேசமாட்டோம். நாங்கள் பிடுங்கிப் போட்ட குவியலிலிருந்து ஒன்றை உருவி எடுத்து, "இது யாரு எடுத்தது? ஏன் எடுத்தே?" என்று கேட்பார். "வித்தியாசமா இருந்துச்சு சார்" என்றால் விடமாட்டார். "எங்க வித்தியாசம்? இலையிலயா, தாள்லயா? காட்டு" என்பார். காட்டத் தெரியவில்லை என்றால், "அப்ப அதுவும் நம்ம புள்ளதாம்மா. அநியாயமாப் புடுங்கிட்டே" என்று அந்தத் தூரைத் தனியாக எடுத்து வைப்பார். ஆனாலும் பண்ணையின் விதி ஒன்று இருந்தது. சந்தேகம் என்றால் பிடுங்கிவிட வேண்டும். நல்ல பயிர் ஒன்று போனாலும் பரவாயில்லை, கலவன் ஒன்று நிற்கக்கூடாது.

இந்த வேலையில் இருந்துகொண்டு ஞாயிறு பூசையில் நற்செய்தி கேட்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. விதைப்பவர் உவமை வாசிக்கும்போது, வழியோரத்திலும் பாறையிலும் முட்செடியிலும் விதையைப் போட்டவரை ராமலிங்கம் சார் வேலைக்கே வைத்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொள்வேன். களைகள் உவமை வந்தால் இன்னும் மோசம். பகைவன் வந்து கோதுமைக்குள் களையை விதைத்துவிட்டுப் போகிறான். பிடுங்கட்டுமா என்று வேலையாட்கள் கேட்கிறார்கள். வேண்டாம், களையோடு கோதுமையும் வந்துவிடும், அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்கிறார் நிலத்துக்காரர். வாரம் முழுக்கப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற எனக்கு இது எப்படி இருக்கும்? நான் செய்கிற வேலையையே ஆண்டவர் வேண்டாம் என்கிறாரோ என்று தோன்றும். யாரிடமும் கேட்டதில்லை.

அப்போதுதான் கொளஞ்சி வேலைக்கு வந்தாள். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவள். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும்தான் அவளுக்குத் தெரியும். எங்கள் பக்கம் கல்யாணம் ஆகி வந்து, சேற்றில் கால் வைத்தபோது வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எங்களோடு வேலை பார்த்த செசிலிக்கு அது போதும். செசிலி வாய்த்துடுக்கு, மனசு கெட்டவள் இல்லை. "ஏ காட்டுக்காரி, இது பருத்திக் காடு இல்லடி. உக்காந்து பொறுக்க முடியாது, எந்திரி" என்பாள். கொளஞ்சியும் சிரித்துக்கொண்டே, "எங்க ஊருல மண்ணு ஆளைப் புடிச்சி இழுக்காதுக்கா. இங்க மண்ணுக்குக்கூட ஆசை ஜாஸ்தி" என்பாள்.

இரண்டு மூன்று வருடத்தில் நன்றாக வேலை பழகிவிட்டாள். தினக்கூலியாக இருந்தவளை நிரந்தரம் ஆக்க அந்த வருடம் பெயர் எழுதி மேலே அனுப்புவதாக சார் சொல்லியிருந்தார். அவள் புருஷனுக்கு முதுகில் அடிபட்டு பாரம் தூக்க முடியாமல் போயிருந்தது. அந்த வேலையை நம்பித்தான் அந்த வீடு இருந்தது.

அந்தக் குறுவையில் பண்ணையில் இரண்டு ரகம் போட்டோம். ஒன்று சன்ன நெல், இன்னொன்று மோட்டா நெல். இரண்டு நாற்றங்காலும் அடுத்தடுத்து இருந்தன. நாற்றாக இருக்கும்போது பார்த்து ரகம் பிரிப்பது கஷ்டம். அதற்காக எங்கள் பண்ணையில் ஒரு பழக்கம். பிடுங்கிய நாற்றைச் சேர்த்துக் கட்டும் சிறு கட்டை முடி என்போம். சன்ன நாற்றின் முடிகளைப் பனை நாரால் கட்டுவோம், மோட்டாவை வைக்கோல் பிரியால் கட்டுவோம். கட்டைப் பார்த்தே எடுத்துப் போகலாம். சன்ன ரகம் நட்ட அன்று மத்தியானத்துக்குமேல் பனை நார் தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தானே என்று மிச்சத்தை வைக்கோலாலேயே கட்டினார்கள். அந்த முடிகளைத் தலையில் சுமந்து போய் வயலின் கிழக்கு மூலையில் போட்டவள் கொளஞ்சி. பக்கத்து வயலில் நட வேண்டிய மோட்டா நாற்று முடிகளும் வைக்கோல் கட்டோடு அதே வரப்பில் கிடந்தன. அன்றைக்கு இதை யாரும் யோசிக்கவில்லை.

பயிர் தூர் கட்டியபின் ஒரு திங்கட்கிழமை கலவன் பார்க்க இறங்கினோம். வெயிலை முதுகுக்கு விட்டுப் பார்த்தால், கிழக்கு மூலையில் ஒரு வீட்டு அகலத்துக்குப் பயிர் கறுத்து, ஒரு சாண் உயர்ந்து நின்றது. எங்கள் வரிசை அப்படியே நின்றுவிட்டது.

"மோட்டா" என்றாள் செசிலி. "வைக்கோல் கட்டுன முடியைக் காட்டுக்காரி மாத்தித் தூக்கியாந்துட்டா."

 சார் சேற்றில் இறங்கி வந்து இலையைத் தடவிப் பார்த்தார், தாளை நசுக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாத்தையும் எடுத்துடுங்கம்மா. ஒரு தூரு விடாதீங்க" என்றார்.

நாங்கள் குனிந்தோம். கொளஞ்சி மட்டும் குனியவில்லை. ஒரு தூரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், நான் மாத்தித் தூக்குனேனா இல்லையான்னு எனக்கே நெனப்பு இல்ல. மாத்தியிருந்தா என்னைய அனுப்பிடுங்க. ஆனா இதைப் புடுங்கிட்டா, பண்ணேனா பண்ணலையான்னு யாருக்குமே தெரியாமப் போயிடும் சார். அப்பறம் நான் காலத்துக்கும் மாத்துனவதான்."

 முந்தின நாள் பூசையில் வாசித்தது அந்தக் களைகள் உவமைதான். என் காதில் அது இன்னும் இருந்தது.  எப்படியோ வாய் திறந்து பேசிவிட்டேன்.

"சார், நேத்து எங்க கோயில்ல ஒரு கதை வாசிச்சாங்க சார்."

"கதையா? இப்பவா?" என்றார் சார்.

பாதியை விழுங்கி, முன்னும் பின்னுமாக அந்த உவமையைச் சொன்னேன். செசிலி என் கையைக் கிள்ளினாள். கேட்டு முடித்த சார் சிரித்துவிட்டார்.

"அந்த நிலத்துக்காரரு விதைச் சான்று வாங்குனவரு இல்லபோல இருக்கே மேரி. களையோட நின்னா என் வயலை யாரு பாஸ் பண்ணுவா?"

"தெரியல சார்" என்றேன். 

சார் வரப்புவரை போனார். செருப்பைப் போடாமல் திரும்பி வந்தார். "அவரு எதுவரைக்கும் வுடச் சொன்னாரு?"

"அறுப்பு வரைக்கும் சார்."

"அறுப்பு வரைக்கும் என்னால முடியாது. கதிரு வரைக்கும் வேணா பாக்கலாம். கதிரு வந்தா மோட்டாவா சன்னமான்னு அதுவே சொல்லிடும். பம்பு செட்டுல கயிறு கெடக்கும், எடுத்துட்டு வாங்க."

நாலு மூங்கில் குச்சி ஊன்றி, கறுத்து நின்ற இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். கயிற்றை ஒட்டிச் சுற்றிலும் ஓர் எட்டு வைக்கிற அகலத்துக்கு இருந்த நல்ல பயிரை விதைக்கு எடுப்பதில்லை என்று சார் ஒதுக்கினார். மூலையில் இருப்பது வேறாக இருந்தாலும் மற்ற வயலோடு கலக்கக்கூடாது என்பதற்காக.

அதன்பிறகு காத்திருந்தோம். ஒருவன் விதைத்துவிட்டுத் தூங்கி எழுகிறான், விதை எப்படி வளர்கிறது என்று அவனுக்கே தெரியாது என்றும் ஆண்டவர் ஓர் உவமை சொல்லியிருக்கிறார். அது எனக்கு அந்த வாரங்களில்தான் புரிந்தது. நாங்கள் மற்ற வயல்களில் களை எடுத்தோம், உரம் தூவினோம், தண்ணீர் மடை மாற்றினோம். கயிற்றுக்குள் நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை. கொளஞ்சி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். பம்பு செட்டுக்குப் போவதானாலும் மேற்கு வரப்பைச் சுற்றித்தான் போவாள்.

வயல் முழுக்கக் கதிர் வந்தது. கயிற்றுக்குள் மட்டும் வரவில்லை. மோட்டா ரகம் சன்ன ரகத்துக்குப் பின்னால்தான் கதிர் தள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். செசிலிகூடக் கேலி பேசுவதை விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, வயலைச் சோதித்து விதைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுக்கிற விதைச்சான்று அலுவலர் வந்துவிட்டார். வயலைச் சுற்றிவிட்டுக் கயிற்றுக்கு முன்னால் நின்றார்.

"என்ன சார் இது? கோயில் நெலமா, வேலி போட்டு வச்சிருக்கீங்க?"

"சந்தேகம் சார். கதிரு வரட்டும்னு வச்சிருக்கேன்" என்றார் எங்கள் சார்.

"சந்தேகம்னா எடுக்கறதுதானே? நீங்களே இப்புடிப் பண்ணா எப்புடி?"

"எடுத்துடலாம் சார். எடுக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த வாரம் வாங்க. அப்பவும் தெரியலன்னா உங்க முன்னாடியே எடுத்துடறேன்."

அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். "அடுத்த வாரம் வரேன். இது இப்படியே நின்னா மொத்த வயலும் போயிடும், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மொத்த வயலும் போனால் பதில் சொல்ல வேண்டியவர் ராமலிங்கம் சார்தான். அவர் ஓய்வுபெற அதிக காலம் இல்லாத நேரம் அது. அன்று சாயங்காலம் டவுன் பஸ்சுக்கு நிற்கும்போது கொளஞ்சி என்னிடம், "எனக்காக அவரு எதுக்குக்கா மாட்டிக்கிறாரு? புடுங்கிடச் சொல்லுக்கா" என்றாள். என் கையை அவள் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. நான் சாரிடம் சொல்லவில்லை. எனக்கு ஒரு முறைதான் வாய் திறந்தது, மறுமுறை திறக்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

அலுவலர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்பே ஒரு காலையில் சார் கயிற்றுக்குள்ளிருந்து, "மேரி, இங்க வா" என்று கூப்பிட்டார். போனேன். பயிர் கதிர் தள்ளியிருந்தது. எல்லாம் சன்னம். நீண்டு, ஒல்லியாக, மற்ற வயலில் நிற்கிற அதே நெல். நானும் சாரும் ஒவ்வொரு தூராக விலக்கிப் பார்த்தோம். உள்ளே மூன்று தூர் மட்டும் இன்னும் கதிர் தள்ளாமல் நின்றன. தாளைப் பிரித்துப் பார்த்தால் குட்டையான, தடித்த நெல். மோட்டா.

சார் குனிந்து காலடி மண்ணை அள்ளினார். கறுப்பாக, பொதபொதவென்று இருந்தது. டிராக்டர் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். "கோடையில பக்கத்து வயலுக்கு எரு ஏத்திட்டு வந்தப்ப டிரெய்லரு இந்த மூலையில சாஞ்சிடுச்சு சார். பாதி இங்க கொட்டிடுச்சு. அள்ளிட்டேன், இருந்தாலும் கொஞ்சம் தங்கியிருக்கும்" என்றார். எரு அதிகம் தின்ற பயிர் கறுக்கும், உயரும், கதிரும் தாமதமாகத்தான் தள்ளும். வேறு ரகம் மாதிரியே நிற்கும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த வயலுக்கு எரு போகவில்லை என்று நினைத்திருந்ததால் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சார் அந்த மூன்று தூரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து வரப்பில் போட்டார். செசிலி பாய்ந்து வந்தாள்.

"பாத்தீங்களா சார்! மூணு மோட்டா இருக்கே!"

"இருக்கு. நேத்து உன் பட்டையில நாலு எடுத்தேன். உனக்கும் கயிறு கட்டவா?" என்றார் சார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செசிலியும் சிரித்தாள். அன்று மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்து, "இந்தாடி காட்டுக்காரி, கருவாடு. முள்ளு பாத்துத் தின்னு" என்று பாதியைக் கொளஞ்சியின் தட்டில் போட்டாள். மன்னிப்புக் கேட்பதெல்லாம் அவளுக்கு வராது. அவளுக்கு வந்தது அவ்வளவுதான், அதுவே நிறைய.

அதற்குமுன், "நீயே கொண்டுபோய்க் காட்டு" என்று சார் என்னிடம் ஒரு கதிரைக் கொடுத்திருந்தார். கொளஞ்சி பம்பு செட்டுத் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். கதிரை நீட்டினேன். வாங்கி விரலால் நீவிப் பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள்.

"நம்பவே இல்லக்கா" என்றாள்.

"சார் சொன்னா நம்ப மாட்டியா?"

"அதில்லக்கா. நான்தான் என்னைய நம்பல. மாத்தித்தான் தூக்கியிருப்பேன்னு முடிவே பண்ணிட்டேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, மாத்தித் தூக்குன மாதிரியே நெனப்பு வந்துடுச்சு."

அந்தக் கதிரைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். சாயங்காலம் பஸ் ஏறும்போதும் அது அங்கேதான் இருந்தது. அடுத்த வாரம் அலுவலர் வந்தபோது கயிறு இல்லை. அவர் வயலைப் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கொளஞ்சியின் பெயரும் மேலே போனது. நிரந்தரமும் ஆனது.

அதன்பிறகு களைகள் உவமையைக் கேட்டால் எனக்குச் சங்கடம் இல்லை. பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலையாட்களை அந்த நிலத்துக்காரர் திட்டவில்லை என்பதைக் கவனித்தேன். அவர்கள் நல்ல வேலையாட்கள்தான். வயல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான். உங்களால் இப்போது பிரித்துப் பார்க்க முடியாது என்று மட்டும்தான் அவர் சொல்கிறார். நெல்லாவது எரு தின்று கறுக்கும். மனுஷர்கள் எதனால் கறுத்து நிற்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? யாருடைய வண்டி எந்த மூலையில் சாய்ந்ததோ? நான் அதன்பிறகும் பல வருடம் கலவன் பிடுங்கினேன். பிடுங்குவது என் வேலை, அதில் எனக்குக் குறை இல்லை. பிடுங்குவதற்கு முன் ஒரு கயிறு உண்டு என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். ஆண்டவர் அறுவடைவரை பொறுப்பார். எங்கள் சாரால் கதிர்வரை முடிந்தது. நம்மால் எதுவரை முடியுமோ அதுவரை.

சார் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. இப்போது என் இடத்தில் நின்று கலவன் பார்க்கிறவள் கொளஞ்சி. நேற்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் செய்தாள்.

"அக்கா, மேல வயல்ல ஒரு எடம் வெளுத்து நிக்குது. இந்தப் புதுப் புள்ளைங்க புடுங்கறேன்னு குதிக்குதுங்க."

"நீ என்ன பண்ணே?"

"என்ன பண்ணுவேன்? கயித்தைக் கட்டிட்டேன்."

"என்னவா இருக்கும்னு நெனைக்கிற?"

"எனக்கென்னக்கா தெரியும்? கதிரு வரட்டும்" என்றாள்.